கிதாருக்கு ஏது மார்க்கு?

அமெரிக்காவின் மிசூரி மாநிலப் பிடில் போட்டிகளில் கோப்பை எப்போதும் ஆர்வில் டக்கெட்டுக்குத்தான். கூடவே கிதார் வாசித்த மனைவி வெர்னாவின் பெயரை, கோப்பை வாங்கும்போது அந்த மகராசன் ஒருநாளும் சொன்னதில்லை. அவள் பிரிந்து போனாள். வீட்டில் கோப்பைகளும் அவனும்தான் மிச்சம். கிதாருக்கு வேறு துணை அமையாமல் நடுவராகி, மேடை தெரியாதபடி திரைக்குப் பின்னால் சக நடுவரான என்னோடு உட்கார்ந்தான். பிடில்காரர் பெயரோ, கூட வாசிப்பவர் பெயரோ நடுவர் காதில் விழுந்தால், அந்தப் பிடில்காரர் போட்டியிலிருந்து வெளியே.

ஏழாம் எண்காரன் வாசித்தபோது ஆர்வில் பென்சிலைக் கீழே வைத்துவிட்டான்.

"பிடில் சுமார்தாம்ப்பா," என்றேன்.

"கிதாரைக் கேளுய்யா."

"கிதாருக்கு ஏது மார்க்கு?"

வாசித்து முடித்த அந்தப் பைத்தியக்காரன், "கிதார் வாசிச்சது வெர்னா! கை தட்டுங்க!" என்று மேடையிலிருந்து கத்தினான்.

"போச்சு. ஆளைத் தூக்கிரு," என்றேன்.

கைதட்டல் ஓயும்வரை ஆர்வில் தலைநிமிரவில்லை.

"யாரு கத்துனா? எனக்கு ஒண்ணும் கேக்கலையே."