சேலைக்கு மேல் பார்த்த சூடு

என் இடது முட்டியை ஆபரேஷன் செய்து மாற்றி, செயற்கை மூட்டு பொருத்தி நாலு வருஷம் ஆகிறது. முதலில் நன்றாகத்தான் இருந்தது. பிறகு உட்கார்ந்து எழும்போதெல்லாம் சுருக்கென்று வலிக்க ஆரம்பித்தது. வீட்டுக்காரரிடம் சொன்னேன். "நடந்தாச் சரியாயிரும் அம்முணி" என்றார். மறுபடி சொன்னேன். "ஊட்ல சும்மா உக்காந்திருந்தா அப்படித்தான்" என்றார். வீரபாண்டியில் பனியன் கம்பெனி நடத்துகிறவர். மிஷின் முனகினால் அவருக்குக் காது கேட்கும். பெண்டாட்டி முனகினால் கேட்காது.

கம்பெனியில் சூட்டைப் படமாகக் காட்டும் கேமரா ஒன்று உண்டு. கரண்ட் பெட்டிக்குள் எங்கே ஒயர் தளர்ந்து சூடாகிறது என்று சிவப்பாகக் காட்டிவிடுமாம். என் தொல்லை தாங்காமல் ஒருநாள் அதை வீட்டுக்குக் கொண்டுவந்தார். சோபாவில் உட்கார்ந்திருந்த என் முட்டிகளைச் சேலைக்கு மேலேயே பார்த்தார். "ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்குது. ஒண்ணுமில்ல போ" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். ஊர் உலகத்துக்கெல்லாம் துணி விற்கிற மகராசன்! சேலைக்கு மேல் பார்த்தால் சேலையின் சூடுதான் தெரியும் என்று அவருக்குத் தோன்றவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்கு நானே கிளம்பினேன். வண்டி ஓட்ட அவர் வந்தார். அங்கேயும் அதே மாதிரி கேமராதான். ஆனால் டாக்டரம்மா இரண்டு முட்டியும் தெரியச் சேலையை ஏற்றிவிடச் சொல்லி, ஏசி அறையில் கொஞ்ச நேரம் உட்காரவைத்த பிறகுதான் படமெடுத்தார். படத்தில் இடது முட்டி மட்டும் சிவந்து கிடந்தது. இவர் பதறிப்போய், "பொருத்தினது தளந்துபோச்சுங்களா?" என்றார். நான் வாய் வலிக்கச் சொன்னதெல்லாம் மண்டையில் ஏறவில்லை. ஒரு கலர் படம் ஏறிவிட்டது.

"படம் சந்தேகத்தைத்தாங்க சொல்லும். உள்ள சீழ் வெச்சிருந்தாலும் சூடு காட்டும்" என்றார் டாக்டரம்மா. எக்ஸ்ரே, ரத்தம், முட்டி நீர் எல்லாம் பார்த்த பிறகு தளர்ச்சிதான் என்று உறுதியானது. மறுபடி ஆபரேஷன் செய்துகொண்டு வீடு திரும்பினேன்.

அன்றிலிருந்து தினமும் காலையில் கேமராவோடு வந்து நின்றார். ஒருநாள், "இன்னும் செவப்பாத்தான் இருக்குது!" என்றார்.

"அறுத்த முட்டி கொஞ்ச மாசத்துக்குச் சூடாத்தான் இருக்கும்னு டாக்டரம்மா சொன்னாங்கல்லங்க. அதைக் கீழ வெச்சுட்டு, வலிக்குதான்னு என்னைக் கேளுங்க."

கீழே வைத்தார். "வலிக்குதா?"

"இல்லீங்க."

நிஜமாகவே அன்று வலிக்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார். நம்பிக்கை வரவில்லை போலிருக்கிறது, மறுபடியும் கேமராவை எடுத்துக்கொண்டார்.