நியூயோர்க் எல்லைக்கோடு வரை வந்த தம்பி

சென்ற செப்டெம்பரில், ரொறன்ரோவை ஒட்டிய மில்லிக்கனில் வாங்கிய வீட்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை குடிபுகுதல் வைத்தோம். அதற்கு முதல்நாள் வீட்டில் நின்று பலகாரம் சுடாமல் பென்சில்வேனியாப் பக்கம் ஏன் கார் ஓட்டினேன் என்று சொந்தக்காரர்கள் இன்னும் கேட்கிறார்கள். தம்பி ரூபனைக் கூட்டிவரப் போனேன். டோர்செட் பார்க் அப்பார்ட்மெண்டில் நாங்கள் நெருக்கியடித்து இருந்த காலத்திலேயே, அக்கா வீடு வாங்கினால் பால் காய்ச்சும்போது பக்கத்தில் தான் நிற்பேன் என்று சொன்னவன் அவன்.

ரூபன் பிற்ஸ்பேர்க் அருகே பெற்றோல் அடிக்கும் காஸ் ஸ்ரேசன் நடத்துகிறான். ஆறு வருடத்துக்கு முன், பட்டப்பகலில் வங்கிக்குப் போனவனின் நெற்றியில் ஒருவன் துவக்கை வைத்துப் பணப்பையைப் பறித்தான். அதற்குப் பிறகு ரூபன் தன் ஊர் ஷெரிஃப் அலுவலகத்தில் பிஸ்டலை மறைத்துக் கொண்டுசெல்லும் அனுமதி எடுத்தான். அன்றிலிருந்து சட்டைக்குள், இடுப்பில் அது இருக்கிறது. பால் வாங்கப் போனாலும் இருக்கிறது.

அந்த அனுமதி பென்சில்வேனியாவில் செல்லும். வேறு சில மாநிலங்களும் ஏற்கும், சில ஏற்காது. நியூயோர்க் பிற மாநிலம் எதன் அனுமதியையும் ஏற்பதில்லை. ரொறன்ரோவுக்கு அவன் வரும் பாதையோ நியூயோர்க் வழியாக. ஒகாயோ, மிச்சிகன் என்று சுற்றி வந்தாலும் கடைசியில் கனடா எல்லை. அங்கே கதையே வேறு, கைத்துப்பாக்கியை உள்ளே விடவே மாட்டார்கள். அதனால் ஆறு வருடமாக அவன் என் வீட்டுப் படி ஏறவில்லை. துவக்குக்குப் பயந்து ஊரைவிட்டு ஓடிவந்த குடும்பம் நாங்கள். இப்போது துவக்கு இல்லாமல் வரப் பயந்துகொண்டு இருக்கிறான் என் தம்பி. நினைத்தால் சிரிப்பும் வரும், வயிறும் எரியும்.

இந்த முறை அதை வீட்டிலே வைத்துவிட்டு வருகிறேன் என்று போனில் சொன்னான். ஏற்பாடு இதுதான்: நியூயோர்க் எல்லைக்குச் சற்று முன், நெடுஞ்சாலையில் பென்சில்வேனியாவின் கடைசி எக்சிட்டில் சந்திப்பது. அவனுடைய கார் அங்கே தெரிந்தவரின் கடையில் நிற்கும், அவன் என்னுடன் வருவான்.

காலை ஆறு மணிக்குப் புறப்பட்டேன். எல்லை ஊரான போர்ட் ஈரி வரை பெரிய நெரிசல் இல்லை. எல்லைப் பாலத்தில் முக்கால் மணிநேரம் நின்றேன். பஃபலோ தாண்டியதும் தொண்ணூறாம் நெடுஞ்சாலை ஈரி ஏரியை ஒட்டி ஓடுகிறது. கடைசி அரைமணி நேரம் இரண்டு பக்கமும் திராட்சைத் தோட்டம்தான். செப்டெம்பரில் போனால் கண்ணாடியை இறக்கி விடுங்கள், காருக்குள்ளேயே பழ வாசம் வரும். வீட்டிலிருந்து ஏறக்குறைய 290 கிலோமீற்றர். பத்தரைக்குப் போய்ச் சேர்ந்தேன்.

ரூபன் எனக்கு முன்பே வந்து நின்றான். தலை நரைத்திருந்தது. கட்டிப்பிடித்தபோது என் கை அவன் இடுப்பில் பட்டது. இரும்பு.

"கொண்டு வந்திட்டியோ?"

"ஓம் அக்கா. வைச்சிட்டுத்தான் வெளிக்கிட்டன். ரெண்டு சிக்னல் தாண்டேல்ல, திரும்பிப் போய் எடுத்திட்டன்."

அவனோடு சண்டை பிடிக்கலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். அப்போது பின் சீற்றில் ஒரு பயணப் பையைக் கண்டேன். மேலே லேபல் கிழிக்காத பட்டு வேட்டி. வருகிற ஆசையையும் பயத்தையும் ஒரே காரில் ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறான் பாவம். இனி என்ன செய்வது? பிஸ்டலைக் காரில் பூட்டி, ஒரு கடை வாசலில் இரண்டு நாள் விட்டுவிட்டு வரச் சொல்ல எனக்கும் மனம் இல்லை. திரும்பிப் போய் வைத்துவிட்டு வா என்றேன். அது இல்லாமல் ரெண்டு நாள் இருக்கேலாது அக்கா என்றான்.

அந்த எக்சிட்டிலிருந்து உள்ளூர்ச் சாலையில் கொஞ்ச தூரத்தில் நியூயோர்க் வரவேற்புப் பலகை நிற்கிறது. அதற்கப்பால் ஒரு பழக்கடை. அதுவரைக்குமாவது நடந்து வா என்று கேட்டேன். காரை ஒருதரம் சுற்றி வந்தான். பிறகு பிஸ்டலைக் கழற்றி, குண்டை எடுத்து, சிறு இரும்புப் பெட்டியில் பூட்டி டிக்கியில் வைத்தான். டிக்கியை மூன்று தரம் இழுத்துப் பார்த்தான்.

நடந்தோம். அவன் வலது கை ஓயாமல் இடுப்புக்குப் போனது. நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். பலகையைத் தாண்டும்போது அது வியர்த்து நனைந்திருந்தது. கடையில் ஒரு பெரிய போத்தல் திராட்சைச் சாறு வாங்கி, புது வீட்டுக்குத் தம்பி செய்யிற முறை இது என்று தந்தான். வெளியே மர வாங்கில் பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தோம். புது வீட்டில் அவனுக்கென்று ஒரு அறை விட்டிருப்பதைச் சொன்னேன்.

"ஜன்னல் றோட்டுப் பக்கமோ?" என்று கேட்டான்.

"இல்லை, பின்வளவுப் பக்கம்."

"அப்ப நல்லது," என்றான். அவன் கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான்.

இதே பாதையில் போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். நியூயோர்க் நெடுஞ்சாலைக் கட்டணத்துக்கு எங்கும் நிற்க வேண்டாம், பில் தபாலில் வரும். பாலத்தில் கட்டணம் கனடாவுக்குத் திரும்பும்போதுதான். அமெரிக்காவில் இருக்கும் உறவினரின் காரில் ஏறி எல்லை தாண்டுவதானால், துவக்கு இருக்கிறதா என்று வெட்கப்படாமல் கேளுங்கள், சீற்றுக்குக் கீழேயும் பாருங்கள். ஒரு மாநிலத்து அனுமதி அடுத்த மாநிலத்தில் செல்லும் என்று யாரும் வாயால் சொன்னால் நம்பாதீர்கள். சட்டம் மாறிக்கொண்டே இருக்கும். புறப்படும் கிழமையே அந்தந்த மாநில அரசின் இணையத்தளத்தைப் பாருங்கள். கைத்துப்பாக்கியுடன் கனடாவுக்கு வர நினைக்கவே வேண்டாம்.

எக்சிட்டுக்குத் திரும்பி வந்து புறப்படும்போது ரூபன் தன் பையை எடுத்து என் பக்கத்துச் சீற்றில் வைத்தான். அவன் தன் காரில் பிற்ஸ்பேர்க் பக்கம் திரும்பினான், நான் தனியே புறப்பட்டேன். பாலத்தில் கனடா அதிகாரி ஆயுதம் இருக்கிறதா என்றார், இல்லை என்றேன். என்ன வாங்கினீர்கள் என்றார், சாற்றுப் போத்தலைக் காட்டினேன். பிறகு ஆண்களின் உடுப்புப் பை யாருடையது என்று கேட்டார்.

என் தம்பியுடையது, அவன் பிறகு வருவான் என்றேன். எப்போது என்று கேட்டார். தெரியாது என்றேன். அவர் பையைத் திறந்து பார்த்துவிட்டு, வேட்டியை மடிப்புக் கலையாமல் திரும்ப வைத்தார்.

அந்தப் பை இப்போது பின்வளவுப் பக்க அறையில் இருக்கிறது. லேபலை நான் கிழிக்கவில்லை.