கரண்ட் போகாத ஊர்ப் பெண்

நெய்வேலி டவுன்ஷிப்பில் பதினோராம் பிளாக் குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்த அருள்மொழிக்கு எதற்கெடுத்தாலும் பயம். கேஸை மூடினோமா என்று பாதி வழியில் திரும்பி வந்து பார்க்கிற ரகம். பரீட்சைக்கு ஐந்து பேனா எடுத்துப் போனவள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மைன்ஸ் வேலைக்கு வந்து இங்கேயே தலை நரைத்துப்போன அவள் அப்பா சங்கரலிங்கம், "ஏட்டி, நீ பயப்படுறதுக்குன்னே தனியா ஒரு ஷிப்ட் போடணும்" என்பார்.

ஆனால் பாருங்கள், இத்தனை பயந்தவள், பயப்பட வேண்டிய ஒன்றுக்கு மட்டும் பயப்படாமல் விட்டுவிட்டாள்.

அவள் வேலை பார்த்தது 'காதோரம்' என்ற சின்ன கம்பெனியில். ஆபீஸ் சென்னையில், இவள் வேலை குவார்ட்டர்ஸ் பின்னறையில். படுக்கையில் கிடக்கும் நோயாளிகளுக்கு ஒரு பெட்டி செய்து விற்றார்கள். பெட்டி சுவரில் இருக்கும், அதிலிருந்து ஒரு பொத்தான் கட்டில்வரை தொங்கும். அழுத்தினால் வீட்டுக்காரரின் போன் அடிக்கும். அவ்வளவுதான். அந்தப் பெட்டிக்குள் ஓடுகிற புரோகிராமை எழுதுவது அருள்மொழி. இரண்டு வருடமாக கான்ட்ராக்ட். இந்த முறை பெர்மனென்ட் ஆக்கிவிடலாம் என்று முதலாளி பிரவீன்குமார் சொல்லியிருந்தார்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஏதாவதோர் ஊரில் வாடிக்கையாளர் சந்திப்பு நடத்துவது அந்தக் கம்பெனியின் வழக்கம். எஞ்சினியர்கள் மேஜை போட்டு உட்கார வேண்டும். வாங்கியவர்கள் வந்து திட்டலாம், வாழ்த்தலாம், டிபன் சாப்பிட்டுப் போகலாம். இந்த முறை நெய்வேலியில். சுற்று வட்டாரத்தில் ஐம்பத்தெட்டுப் பெட்டிகள். அன்று ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு, கூட்டம் எண்ண எண்ண, பிரவீன்குமார் மேடையில் ஒரு பட்டனைத் தட்டுவார். ஐம்பத்தெட்டு வீட்டிலும் புது அப்டேட் ஏறும். அதை எழுதியவளும் அருள்மொழிதான்.

முந்தின வாரம் முழுக்க அவளுக்குச் சோறு இறங்கவில்லை. நெட் போனால்? சிக்னல் குறைந்தால்? யாராவது நடுவில் பொத்தானை அழுத்தினால்? தன் அறையில் ஒரு பெட்டியை வைத்துக்கொண்டு நாற்பது தடவை அப்டேட்டை ஏற்றிப் பார்த்தாள். நாற்பதும் சரியாக முடிந்தது. அப்புறமும் பயந்தாள்.

பதினோரு மணிக்கு எல்லாரும் கை தட்டினார்கள். அருள்மொழியின் லேப்டாப்பில் ஐம்பத்தெட்டு பச்சைப் புள்ளிகள் ஓடத் தொடங்கின. முழுசாக ஏறப் பத்து நிமிடம். அவள் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தபோது மேஜைக்கு முன்னால் ஓர் அம்மாள் வந்து நின்றாள். நாற்பத்தைந்து வயதிருக்கும்.

"காடாம்புலியூருங்க. பேரு அம்சவல்லி. இந்தப் பொட்டிய செஞ்சது நீதானாம்மா? ஒன்னப் பாக்கணும்னுதான் வந்தேன்."

அவள் புருஷன் சின்னதுரைக்குப் பக்கவாதம். வலப்பக்கம் விளங்காது, பேச்சும் குழறும். பெட்டி வந்த பிறகுதான் அம்சவல்லி மறுபடி முந்திரி உடைக்கிற கொட்டகைக்கு வேலைக்குப் போகிறாள். "கொட்டாயில குந்திகினு இருப்பேன். அடிச்சா ஓடுவேன். அடிக்கலன்னா நல்லா இருக்காருன்னு அர்த்தம். என் வவுத்துல பால வாத்தம்மா நீ."

அருள்மொழிக்குக் கண் கலங்கிவிட்டது. "இப்ப அண்ணன் கூட யாருக்கா இருக்காங்க?"

"யாரும் இல்ல. பக்கத்து வூட்டுக்காரங்க கல்யாணத்துக்குப் போயிட்டாங்க. ஃபேன் கூட இருக்காது பாவம், பதினோரு மணிக்குக் கரண்ட நிறுத்துறேன்னான். கம்பம் மாத்துறானுவ."

அருள்மொழி திரையைப் பார்த்தாள். ஐம்பத்தேழு புள்ளிகள் ஓடிக்கொண்டிருந்தன. ஒன்று சாம்பல் நிறமாகி நின்றிருந்தது. காடாம்புலியூர்.

அப்டேட் ஏறும்போது பழைய புரோகிராம் முதலில் அழியும், பிறகுதான் புதியது ஏறும். நடுவில் கரண்ட் போனால் இரண்டும் இல்லை, பெட்டி பிணம். உள்ளே இருக்கும் சின்ன பேட்டரி ஒரு போன் போடத் தாங்குமே தவிர இதற்குத் தாங்காது. நாற்பது தடவை சோதித்தாளே, ஒரு தடவையாவது நடுவில் பிளக்கைப் பிடுங்கிப் பார்த்தாளா? இல்லை. அது அவளுக்குத் தோன்றவே இல்லை. தோன்றுவதற்கு அவள் வளர்ந்த வீட்டில் கரண்ட் போயிருக்க வேண்டும். ஊருக்கெல்லாம் கரண்ட் அனுப்புகிற ஊரில், மின்விசிறி நின்று பார்த்திராதவள் அவள். சென்னையில் சரிபார்த்தவர்களுக்கோ இன்வெர்ட்டர். பயந்தாங்கொள்ளி என்று பெயர் வாங்கி என்ன பிரயோசனம்!

ஓடிப்போய் பிரவீன்குமாரிடம் சொன்னாள். அவர் கெட்டவர் இல்லை. ஆனால் மேடை மேல் இருந்தார். "ஐம்பத்தெட்டுல ஒண்ணுதானே அருள்? நாளைக்கு வேற பெட்டி அனுப்பிடலாம். இப்ப கூட்டத்துல கிளப்பிவிடாத, ப்ளீஸ்."

"அங்க ஒருத்தர் தனியா இருக்காரு சார்."

"அந்தம்மாவ நைசா வீட்டுக்கு அனுப்பி வை."

நைசாகத்தான் சொல்லிப் பார்த்தாள். "அக்கா, வாங்க, நானே வண்டியில கொண்டுபோய் விடுறேன்."

"எதுக்கும்மா? போன்தான் அடிக்கலியே. டோக்கன் குடுத்திருக்கான், டிபன் சாப்புட்டுப் போறேன்." அம்சவல்லி போனை எடுத்து நிம்மதியாகக் காட்டினாள்.

அந்த நிம்மதியை அருள்மொழியால் பார்க்க முடியவில்லை. பெர்மனென்ட் வேலை ஒரு கணம் கண்ணில் வந்து போனது, இல்லையென்று சொன்னால் பொய். பிறகு உரக்கவே சொன்னாள். அக்கம்பக்கத்து மேஜையெல்லாம் திரும்பியது.

"அடிக்காதுக்கா. அண்ணன் அழுத்துனாலும் இப்ப அடிக்காது. கரண்ட் போனா பெட்டி செத்துப்போற மாதிரி நான் எழுதி வச்சிட்டேன். என் தப்பு."

அம்சவல்லிக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் கையிலிருந்த டோக்கனைப் போட்டுவிட்டு வாசலைப் பார்த்து ஓடினாள்.

அவசரத்தில் அண்டாவிலும் கை போகாது என்பார்கள். ஸ்கூட்டியின் சாவித் துவாரம் அருள்மொழிக்கு அகப்பட மறுத்தது. வழி நெடுக அம்சவல்லி பின்சீட்டிலிருந்து எட்டி எட்டிப் பார்த்தாள். அவள் விரல்கள் அருள்மொழியின் தோளை அழுத்திய அழுத்தில் எலும்பு வலித்தது. ஒரு லாரி, அதன் பின்னால் இன்னொரு லாரி, ஒரு டிராக்டர். ஒவ்வொன்றையும் தாண்டுவதற்குள் அருள்மொழி மனதுக்குள் ஒரு சாவைப் பார்த்து முடித்தாள். 'சாமி, என்னை வேலையை விட்டுத் துரத்தட்டும், அந்த மனுசன் உசிரோட இருந்தா போதும்.'

சின்னதுரை உயிரோடுதான் இருந்தார். கட்டிலில் இல்லை, தரையில் கிடந்தார். முழங்கை சிராய்த்து ரத்தம் கசிந்திருந்தது, வேட்டி நனைந்திருந்தது. பொத்தான் இடக்கையில் இருந்தது. இவர்கள் உள்ளே நுழைந்த பிறகும் கட்டைவிரல் அதை அழுத்திக்கொண்டே இருந்தது.

"கூப்... புட்டேன்" என்றார் மனைவியைப் பார்த்து. "கூப்... புட்டேன். நீ... வல்ல."

இருவருமாகத் தூக்கிப் படுக்க வைத்தார்கள். அருள்மொழியை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு அம்சவல்லி கதவைச் சாத்தினாள். உள்ளே தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. நெடுநேரம் கழித்து ஈரக்கையோடு வந்தாள். கத்துவாள் என்று அருள்மொழி எதிர்பார்த்தாள், கத்தியிருந்தால் தேவலை.

"ஒங்க வூட்ல கரண்டே போவாதா பாப்பா?"

"போகாதுக்கா."

"ம். வேற பொட்டி எப்ப வரும்?"

"நாலு நாள் ஆகும்க்கா. இனிமே கரண்ட் போனாலும் சாகாத மாதிரி மாத்தித்தான் அனுப்பணும்."

"நாலு நாளு நான் கொட்டாய்க்குப் போவலன்னா வேற ஆள வச்சிடுவாங்க. இவர யாரு பாத்துக்குறது?"

"நான் வந்து உக்காந்துக்குறேன்."

மறுநாள் காலை எட்டு மணிக்கே லேப்டாப்போடு வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். பெர்மனென்ட் விஷயம் தள்ளிப்போகிறது என்று பிரவீன்குமாரிடமிருந்து மெயில் வந்திருந்தது. படித்துவிட்டு மூடினாள். தன் அறையிலிருந்து கொண்டுவந்தது போன் போட முடியாத சோதனைப் பெட்டி, ஆனால் விற்கிற பெட்டிபோல் ஒட்டி மூடாமல் கேபிள் போட வழி இருந்தது. அதில் அப்டேட்டை ஏற்றினாள், நடுவில் பிளக்கைப் பிடுங்கினாள். செத்தது. கேபிள் போட்டு உயிர் கொடுத்து, திருத்தி, மறுபடி பிடுங்கினாள். மறுபடி செத்தது.

சின்னதுரை பத்து மணியிலிருந்தே நெளிந்துகொண்டிருந்தார். அருள்மொழி தண்ணீர் வேண்டுமா என்றாள், வேண்டாமென்று தலையசைத்தார். தலையணையை நிமிர்த்தவா என்றாள், அதற்கும் வேண்டாமென்றே தலையசைத்தார். பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. பெற்ற மகள் வயதுப் பெண்ணிடம் எந்த ஆம்பளை வாய் திறந்து ஒன்றுக்குப் போக வேண்டும் என்பான்? அவருடைய இடக்கை, நேற்றுவரை பொத்தான் தொங்கிய இடத்தைத் துழாவியது. செத்த பெட்டியோடு அதையும் கழற்றியாயிற்று, அங்கே ஒன்றும் இல்லை.

அருள்மொழிக்குப் புரிந்தது. போனை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினாள். அம்சவல்லி உடனே எடுத்தாள்.

"அக்கா, ஓடியாங்க. அண்ணன் உங்களத் தேடுறாரு."