சிவப்பு டிரே

அஞ்சலைக்கு வாய் நீளம் என்று அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பேர் உண்டு. அதை மாற்றிக்கொள்ள அவள் முயன்றதே இல்லை. வண்டிகளின் அச்சில் மாட்டும் 'புஷ்' என்கிற இரும்பு வளையம் செய்யும் கம்பெனியில் பதினெட்டு வருஷமாகச் செக்கிங் வேலை. அங்கே கோளாறான உருப்படியைத் தூக்கி எறிய மாட்டார்கள். சிவப்புச் சீட்டுக் கட்டி, என்ன கோளாறு என்று எழுதி, தனி டிரேயில் வைப்பார்கள். அதைப் பார்த்தால்தான் மெஷின் எங்கே சொதப்புகிறது என்று தெரியும்.

ஒருமுறை ஆடிட் வருகிறதென்று சூப்பர்வைசர் அந்த டிரேயை ஒளித்து வைக்கச் சொன்னார். "என்னால முடியாது சார், நீங்களே ஒளிச்சிக்கோங்க" என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டாள். மனுஷன் மூன்று மாசம் அவளை லோடு இறக்கும் இடத்தில் போட்டுப் பழி தீர்த்தார். இறக்கினாள். டிரே மட்டும் இடத்தை விட்டு நகரவில்லை.

அப்பேர்ப்பட்டவளின் மகள் ரோஷினி, கள்ளிக்குப்பத்தில் ஒரு தனியார் பள்ளியில் ஏழாம் வகுப்பு. இந்த வருஷம் அங்கே டிஜிட்டல் போர்ட்ஃபோலியோ வந்தது. ப்ராஜெக்ட் செய்யச் செய்ய வீடியோ எடுத்து, அவரவர் ஃபோல்டரில் ஏற்ற வேண்டும். ஆரம்பத்திலிருந்து எல்லாம் தெரியட்டும் என்று சர்க்குலரில் எழுதியிருந்தது. படித்ததும் அஞ்சலைக்கு ஒரே சந்தோஷம். "அட, இவுங்களும் செவப்பு டிரே வெச்சிகீறாங்கடி!"

மழை வந்தால் தெருத்தண்ணீர் ஏன் வீட்டுக்குள் வருகிறது என்பதுதான் ரோஷினியின் ப்ராஜெக்ட். களிமண்ணால் தங்கள் தெருவையே செய்தாள். கால்வாயின் வாயை, வெளியே இருக்கிறபடியே, ரோட்டை விடக் கொஞ்சம் உயரமாக வைத்தாள். மூன்று முறை தண்ணீர் ஊற்றினாள். மூன்று முறையும் களிமண் வீடுகள் மூழ்கின. நாலாவது முறை வாயைத் தாழ்த்தினாள். மடமடவென்று ஓடியது. நாலு வீடியோவும் ஃபோல்டரில் ஏறின. எல்லாவற்றிலும் பின்னாலிருந்து அஞ்சலையின் குரல்; முதல் மூன்றில்: "இன்னாடி ஊத்துற, நம்ம ஊடே முழுவுது பாரு!"

சனிக்கிழமை ஓப்பன் டே. அன்று ஒவ்வொரு ஃபோல்டரையும் பெரிய திரையில் காட்டப் போகிறார்கள். வியாழக்கிழமை நிவேதிதா மிஸ் போன் செய்தார்.

"ரோஷினி அம்மா, அந்த மொதல் மூணு வீடியோவ எடுத்துடுங்களேன். நாலாவதுல உங்க வாய்ஸ் மட்டும் வேண்டாம். இல்லேன்னா காட்ட முடியாதுன்னு பிரின்ஸிபல் சொல்றார். கடையில ரெடிமேட் மாடல் கெடைக்குது, வேணும்னா..."

"இன்னா மிஸ், அந்த மூணும் இல்லாம நாலாவது எப்டி வந்துச்சாம்? வானத்துலேர்ந்து குதிச்சிச்சா? ஏன், என் கொரல் இன்னா பாவம் பண்ணிச்சு?"

மிஸ் போனை வைத்துவிட்டார்.

பதில் வீட்டுக்குள்ளிருந்து வந்தது. "உன் பேச்சக் கேட்டா கிளாஸே சிரிக்கும்மா. எனக்கு அசிங்கமா இருக்கும்" என்று ரோஷினி அழுதாள். சூப்பர்வைசர் எத்தனை திட்டியும் வலிக்காதது அஞ்சலைக்கு இப்போது வலித்தது. ஆனாலும் இறங்கி வரவில்லை. "பாஸ்வேர்டு உன் கைலதான் கீது. அழிக்கணும்னா நீ அழி. அழின்னு நான் சொல்ல மாட்டேன்." அதற்குப் பிறகு ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை. கேட்காமல் இருக்க அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும்.

சனிக்கிழமை ஹால் நிறையப் பெற்றோர். திரையில் வரிசையாக ஃபோல்டர்கள் வந்தன. மழைநீர் சேகரிப்பு என்று ஆறு பிள்ளைகள்; ஆறு பேருக்கும் அதே தெர்மாகோல் வீடு, அதே பஞ்சு மேகம். எல்லாம் ஒரே கடைச் சரக்கு. ஆறுக்கும் கைதட்டினார்கள், வெட்கமே இல்லாமல். பிரின்ஸிபல் ராஜசேகரன் நன்றி சொல்ல மைக்கைப் பிடித்தார்.

அஞ்சலை எழுந்தாள். "எம்பொண்ணுது எங்க சார்?"

"நேரமாயிடுச்சும்மா."

"ஒரே ஊட்ட ஆறு தபா காட்னீங்களே, அதுக்கு மட்டும் நேரம் கீதா?"

ஹாலில் சிரிப்பு கிளம்பியது. முகம் சிவந்த ராஜசேகரன் லேப்டாப்பைக் காட்டினார். ரோஷினி தலையைக் குனிந்துகொண்டு மேடையேறினாள். அஞ்சலை திரையையே பார்த்தாள். அழித்திருப்பாளோ?

ஃபோல்டர் திறந்தது. நாலும் இருந்தன. முதல் மூன்றின் மேலும் சிவப்புப் பட்டை, அதில் தமிழில் எழுத்து: "ரிஜெக்ட். கால்வாய் வாய் உயரம். எங்கள் தெருவில் இன்றும் இப்படித்தான் இருக்கிறது."

ரோஷினி முதல் வீடியோவைத் தட்டினாள். "இன்னாடி ஊத்துற!" என்று அஞ்சலையின் குரல் ஸ்பீக்கரில் அதிர்ந்தது. பின்வரிசையில் நாலைந்து பிள்ளைகள் கெக்கலித்தார்கள்.

"சவுண்டக் கொறைம்மா" என்றார் ராஜசேகரன்.

ரோஷினி நிமிர்ந்து பின்வரிசையைப் பார்த்தாள். "அது எங்கம்மா சார்" என்று சொல்லிவிட்டு, சவுண்டை முழுசாக ஏற்றினாள்.