ஒரு கப்பல்காரனின் கடதாசி

என் கையெழுத்துக்காக முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் வகுப்போடு நின்றுபோன கை இது. எழுத்துப் பிழைகளும் நிறைய இருக்கும். எந்த ‘ர’, எந்த ‘ற’ என்று தெரியாத இடங்களில் இரண்டுக்கும் நடுவில் ஏதோ ஒன்றைப் போட்டிருக்கிறேன். அச்சுக் கோக்கிறவர்கள் திருத்திக்கொள்ளட்டும். நான் பேசுவதே குறைவு. நாலு பேர் கூடிய இடத்தில் யாராவது என்னைப் பார்த்து அபிப்பிராயம் கேட்டால், தேத்தண்ணிக் கோப்பையைத் தேடிக்கொண்டு குசினிப் பக்கம் போய்விடுவேன். ஆனாலும் இதை எழுதாமல் இருக்க ஏலவில்லை.

லண்டனில் நான் செய்கிற வேலையில் ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது கை கழுவ வேண்டும். ஆஸ்பத்திரி வேலையும் இல்லை, சமையல் வேலையும் இல்லை. நகரத்தின் நடுவில் ஒரு பழம்புத்தகக் கடையின் நிலவறையில் பொதி கட்டுகிறேன். இருநூறு, முந்நூறு வருடத்துப் புத்தகங்களும் கடதாசிகளும் மேலே விற்பனையாகிக் கீழே என்னிடம் வரும். சுற்றி, அட்டை வைத்து, பெட்டியில் இட்டு அனுப்புவேன். பழைய தாளைத் தொடுகிறவர்கள் வெள்ளைக் கையுறை போடுவார்கள் என்று நானும் படங்களில் பார்த்திருந்தேன். முதல் நாளே முதலாளி பென்னெட் அதைக் கழற்றச் சொல்லிவிட்டார். கையுறைக்குள் இருக்கிற விரலுக்குத் தாளின் ஓரம் தெரியாதாம், கிழித்துவிடுமாம். சவர்க்காரம் போட்டுக் கழுவி, நன்றாக உலர்த்திய வெறுங்கைதான் நல்லதாம். ஊரில் சாமியறைக்குப் போக முன்னரும் சோற்றில் கை வைக்க முன்னரும் கழுவினோம். இங்கே எவனோ ஒரு வெள்ளைக்காரன் தன் தம்பிக்கு எழுதிய கடிதத்துக்காகக் கழுவுகிறேன். இத்தனை வருடமாகியும் குழாயைத் திறக்கும்போது சிரிப்பு வரும்.

சேர்க்கும் பழக்கம் அங்கேதான் தொற்றியது. அமெரிக்காவில் பழைய பத்திரங்கள் விற்ற ஒரு வியாபாரி இறந்துபோக, அவருடைய சரக்கு முழுவதையும் பென்னெட் வாங்கினார். அந்த மனிதரை நான் கண்டதில்லை. ஆனால் அவருடைய கை எனக்குப் பழக்கம். ஒவ்வொரு தாளும் தனித்தனிக் கடதாசி உறையில் இருந்தது. உறையின் மூலையில், யாரிடமிருந்து வந்தது, எங்கே பூச்சி அரித்திருக்கிறது, எங்கே மடிப்பு விட்டிருக்கிறது என்று பென்சிலால் சின்னஞ்சிறு எழுத்தில் குறித்திருந்தார். அச்சு ஆங்கிலத்தையே எழுத்துக் கூட்டி வாசிக்கிறவன் நான். அந்தப் பென்சில் குறிப்புகளைப் பார்த்துப் பார்த்துத்தான் எனக்கு வாசிப்புப் பழகியது.

அந்தப் பெட்டி ஒன்றில்தான் ஐசக் ரென் என்னும் மாலுமியைக் கண்டேன். அமெரிக்கா தனி நாடாகி அதிக காலம் ஆகாத நாட்களாம். பிரித்தானியக் கடற்படை ஆள் போதாமல் நடுக்கடலில் அமெரிக்கக் கப்பல்களை மறித்து, ‘நீ எங்கள் ஆள்’ என்று சொல்லி மாலுமிகளைப் பிடித்துக்கொண்டு போகுமாம். இரண்டு பக்கமும் ஒரே நிறம், ஒரே பாஷை. யார் எந்த நாடு என்று எப்படித் தெரியும்? ஆகவே ‘நான் அமெரிக்கன்’ என்று காட்ட மாலுமிகள் ஒரு கடதாசி வைத்திருந்தார்கள். புகைப்படம் இல்லாத காலம். உடம்பைத்தான் எழுதினார்கள். ஐசக் ரென், வயது இருபத்திரண்டு, உயரம் ஐந்தடி ஐந்து அங்குலம், இடக்கைச் சின்னவிரலின் நுனி இல்லை, வலப் புருவத்தில் தழும்பு. கீழே சிவப்பு அரக்கில் முத்திரை. பென்னெட் அதை வாசித்துக் காட்டியபோது எனக்கு உடம்பு கூசியது.

என்னையும் ஒரு நாள் அப்படி எழுதினார்கள். ஜேர்மனியில் நாலு வருடம் இருந்துவிட்டு இங்கே வந்து, குரோய்டனில் அகதிகளைப் பதிகிற அந்தப் பெரிய கட்டடத்தில் காத்துக் கிடந்த காலம். கையில் ஒரு பத்திரமும் இல்லை. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் என் தழும்புகளை ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார். முதுகில் இருப்பது எப்படி வந்தது? ஷெல். காலில்? ஷெல். முழங்கையில்?

“அது சைக்கிளால விழுந்தது” என்றேன்.

மொழிபெயர்க்க வந்த அண்ணை பல்லைக் கடித்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். “எட தம்பி, உதை ஆர் இப்ப கேட்டது?”

“அவதான் கேட்டவ, அண்ணை.”

சைக்கிளும் எழுதப்பட்டது.

ஐசக் ரென்னை என் சம்பளத்தில் வாங்கினேன். பிறகு ஒவ்வொருவராக, ஏழு மாலுமிகள் என் அலுமாரிக்கு வந்துசேர்ந்தார்கள். மனைவி சாந்திக்கு இது பிடிக்கவில்லை.

“எங்கட காணி உறுதிப் பத்திரமே எங்கை கிடக்குதெண்டு தெரியாது. நீங்கள் ஆரோ அமெரிக்காக்காரன்ர துண்டுகளைப் பொத்திப் பொத்தி வையுங்கோ.”

“அவங்களும் பாவமெல்லே சாந்தி. கடதாசி இல்லாட்டிப் பிடிச்சுக்கொண்டு போயிடுவாங்கள்.”

“ஓம், ஓம். அவன்ர மனுசியும் உதைத்தான் சொல்லியிருப்பாள், வீட்டுக்கு ஒண்டுமில்லை, கடதாசி மட்டும் வைச்சிருக்கிறானெண்டு.”

சென்ற சித்திரையில் பென்னெட் ஒரு செய்தி சொன்னார். மார்த்தா என்றொரு அமெரிக்கப் பெண், எங்கள் கடையில் தபாலில் பத்திரங்கள் வாங்குகிறவர், ரென் குடும்பத்தின் வழிவந்தவராம். தன் முன்னோரின் கடதாசி ஒன்று இங்கே இருக்கிறது என்று பென்னெட் எழுதியதும், பார்ப்பதற்காகவே லண்டனுக்கு வருகிறாராம். எனக்குப் பெண் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வருகிற பதற்றம் பிடித்துக்கொண்டது. அவர் திங்கட்கிழமை வர இருந்தார். சனிக்கிழமை காலை, ஃபாரஸ்ட் கேட் பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு மேல்மாடிக்காரரின் குழாய் வெடித்து, கூரையால் தண்ணீர் ஒழுகி, அலுமாரியின் பின்பக்கத்தை நனைத்தது. ஐசக் ரென்னின் உறையில் ஒரு மூலை ஈரம். உள்ளே தாளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அடுத்த தடவை தப்பாது என்று தோன்றியது. தாளைச் சேட்டுக்குள் வைத்துக்கொண்டு தெருவுக்கு ஓடினேன்.

எங்கள் ஆட்களுக்கு லமினேற் என்றால் ஒருவகைப் பக்தி. பிறப்புச் சாட்சிப்பத்திரம், கலியாணப் பதிவு, பிள்ளைகள் நீச்சலில் வாங்கிய சேட்டிபிக்கேற், எல்லாவற்றையும் பிளாஸ்ரிக்குக்குள் வைத்துச் சூட்டில் ஒட்டி ஃபைலில் அடுக்குவோம். இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து, மழையிலும் ஏரியிலும் பத்திரங்களைத் தொலைத்த சனம் வேறு என்ன செய்யும்? கடையிலும் பென்னெட் விலை கூடிய தாள்களைக் கண்ணாடி போன்ற உறைகளில் வைப்பார். அதுவும் இதுவும் ஒன்றுதான், இது இன்னும் இறுக்கம் என்றே நினைத்தேன். கேட்டிருக்கலாம். கேட்க எனக்குக் கூச்சம்.

போன் திருத்துவதும் போட்டோக்கொப்பி எடுப்பதுமாகக் கடை வைத்திருக்கும் பாலா அண்ணை தாளை வாங்கிப் பார்த்தார்.

“இதென்ன லிங்கம், பொரிச்ச அப்பளம் மாதிரிக் கிடக்கு. பாட்டன்ர உறுதியோ?”

“இல்லை அண்ணை, ஒரு கப்பல்காரன்.”

“உமக்குச் சொந்தமோ?”

“திங்கக்கிழமை சொந்தக்காரர் வருகினம்.”

“அப்ப வடிவாச் செய்வம். பொறும், மெசின் சூடாகட்டும்.”

மறுபக்கத்தால் வெளியே வந்தபோது தாள் கொஞ்சம் கறுத்திருந்தது. அரக்கு முத்திரை உருகி, ஈரக் குங்குமம்போல் அகலமாகப் பரவி, அதன் எழுத்துகள் காணாமல் போயிருந்தன. அதை இரண்டு தரம் திருப்பிப் பார்த்தேன். “அரக்கெண்டா உருகும்தானே. இனி உலகம் அழிஞ்சாலும் இதுக்கு ஈரம் பிடியாது” என்றார் பாலா அண்ணை. வீட்டுக்கு வந்து மேலே ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுத் துடைத்துப் பார்த்தேன். உண்மைதான். மனம் ஆறியது.

திங்கட்கிழமை காலை அதைப் பென்னெட்டின் மேசையில் வைத்தேன். அவர் எடுத்து, வெளிச்சத்தில் பிடித்து, வெகுநேரம் பார்த்தார். “சரி, மிஸ்டர் லிங்கம். இனி இதை யாராலும் ஒன்றும் செய்ய முடியாது” என்றார். பாராட்டுகிறார் என்று நினைத்து “தாங்க்யூ சேர்” என்றேன்.

மார்த்தா வந்தார். என் வயதுதான் இருக்கும். வந்தவுடன் கை கழுவ எங்கே என்று கேட்டு, நான் கழுவுகிற அதே குழாயில், விரல் விரலாகக் கழுவி, நெடுநேரம் துடைத்தார். பிறகு மேசைக்கு வந்து கையை நீட்டினார். விரல்கள் பிளாஸ்ரிக்கில் முட்டி நின்றன. அந்த முகத்தைப் பார்த்தபோதுதான் நான் செய்தது என்னவென்று எனக்கு விளங்கியது. முத்திரை இருந்த இடத்தைத் தடவிக்கொண்டே, “இதை யார் செய்தது?” என்று கேட்டார்.

நான் இரண்டு அடி தள்ளி நின்றேன்.

“எங்களிடம் வரும்போதே இப்படித்தான் இருந்தது” என்றார் பென்னெட்.

ஒரு காற்புள்ளி தவறினாலும் பட்டியலைத் திரும்ப அச்சடிக்கிற மனிதர் அவர். அதற்கு முன் யாரிடம் இருந்தது என்று கேட்டு, அந்த வியாபாரியின் பெயரை மார்த்தா எழுதிக்கொண்டார். விலை கேட்டார். பென்னெட் என்னைக் காட்ட, “கொண்டு போங்கோ, ப்ளீஸ், கொண்டு போங்கோ” என்று பாதித் தமிழிலும் பாதி ஆங்கிலத்திலும் உளறினேன். என் நல்ல மனசைப் பார்த்து அவர் என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். என் வாழ்க்கையில் அப்படி ஒரு கூச்சத்தை நான் அனுபவித்ததில்லை.

அவர் போனபின் பென்னெட்டிடம் பெரிதாகக் கேட்க ஆங்கிலம் வரவில்லை. “ஒய்?” என்றேன். சூட்டில் ஒட்டிய பிளாஸ்ரிக்கைப் பழைய தாளிலிருந்து பிரித்தால் தாளும் கூடவே வந்துவிடும் என்று பொறுமையாக விளக்கினார். பிறகு சொன்னார்: “அந்த வியாபாரி இறந்துவிட்டார், மிஸ்டர் லிங்கம். நீங்கள் நாளைக்கும் வேலைக்கு வரவேண்டும்.”

அதோடு முடிந்திருக்கும். ஐப்பசி மாதம் மார்த்தாவிடமிருந்து கடிதம் வந்தது. தாளைத் தங்கள் ஊர் நூலகத்துக்குக் கொடுத்துவிட்டாராம். நூலகப் பதிவின் பிரதி ஒன்றையும் அன்போடு வைத்திருந்தார். என் மகள் அபி வாசித்துச் சொன்னாள். முத்திரை அழிந்துள்ளது, முன்னைய உரிமையாளரான இன்ன வியாபாரியால் சூட்டில் பிளாஸ்ரிக் இடப்பட்டுள்ளது. அந்த மனிதரின் பெயர் முழுதாக இருந்தது. ஒரு பூச்சித் துளையைக்கூடப் பென்சிலால் குறித்துவைத்த மனிதர். அவருடைய பழைய உறை இன்னும் என் அலுமாரியில்தான் கிடந்தது; மூலையில், ‘முத்திரை முழுமை’ என்று அவருடைய சின்ன எழுத்து.

அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பஸ்ஸில் இறங்கவேண்டிய இடத்தைத் தாண்டிப் போனேன். பொதிகளில் விலாசத்தை மாற்றி ஒட்டினேன். வெஸ்ட் ஈலிங்கில் அம்மன் கோயிலுக்குப் போனபோது, அர்ச்சனைக்கு ஐயர் பெயர் கேட்க, அந்த வியாபாரியின் பெயர் வாய்வரை வந்தது. நட்சத்திரம் தெரியாததால் விழுங்கிவிட்டேன். நான் உண்மையை எழுதினால் பென்னெட் பொய் சொன்னவர் ஆவார். பழம்பொருள் விற்கிறவருக்குச் சொல்தான் முதல். என் வேலையும் அவர் கையில். எழுதாவிட்டாலோ, செத்த மனிதர் செய்யாத பிழை அவர் பெயரில், நூலகம் இருக்கும்வரை இருக்கும்.

போன கிழமை தேத்தண்ணி நேரத்தில் பென்னெட்டிடம் போய் உறையைக் காட்டி, “நான் எழுதப் போகிறேன், சேர்” என்றேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். என் வேலை போய்விட்டது என்று நினைத்தேன்.

“எழுதுங்கள்” என்றார். “நான் சொன்னதையும் சேர்த்து எழுதுங்கள். என் பெயரின் முடிவில் இரண்டு ‘T’ வரும்.”

வீட்டில் அபிதான் பயந்தாள். “அப்பா, யூ டோன்ற் ஹாவ் ரு. ஜொப் போனா என்ன செய்வீங்கள்?”

“போகாது பிள்ளை.”

“சரி, அப்ப சொல்லுங்கோ, நான் ரைப் பண்ணித் தாறன்.”

“இங்கிலிசில நீ ரைப் பண்ணு. நான் என்ர கையால தமிழிலயும் எழுதவேணும்.”

“ஏனப்பா? அங்கை ஆர் வாசிக்கிறது?”

நான் பேனையைத் தேடி எடுத்தேன். குசினிக்குள் இருந்து சாந்தி சொன்னாள்: “விடு பிள்ளை. மனுசன் ஒரு நாளும் வாய் திறக்கிறேல்லை, கையாவது பேசட்டும்.”

இந்தப் பத்திரிகைக்கும் எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. உங்கள் வீடுகளில் பழைய உறுதிகள், போரிலிருந்து தப்பிவந்த கடிதங்கள் இருக்கும். தயவுசெய்து அவற்றைச் சூட்டில் ஒட்டிவிடாதீர்கள். கை கழுவி, உலர்த்தி, ஓர் உறைக்குள் வைத்தால் போதும். கண்ணால் பார்க்கக் கூடியதாக இருந்தும் தொட முடியாத கடதாசி என்ன பாடுபடுத்தும் என்று நான் மார்த்தாவின் முகத்தில் கண்டேன்.

இன்று காலை நூலகத்துக்கானதையும் இதையும் எழுதி முடித்தேன். நூலகத்துக்குப் போகிற தாளில், இந்தப் பிழையைச் செய்தவன் நான், அந்த வியாபாரி அல்ல, என்று எழுதி முழுப் பெயரையும் இட்டேன். பெயருக்குக் கீழே ஊர் எழுத வேண்டும் என்றாள் அபி. ஃபாரஸ்ட் கேட் என்று எழுதினேன். மாலுமிகளின் தாள்களில் பிறந்த ஊரைத்தான் எழுதுவார்கள் என்பது நினைவுக்கு வர, அதை வெட்டிவிட்டுக் கரவெட்டி என்று எழுதினேன். கரவெட்டியில் இப்போது என் தழும்பைப் பார்த்து இன்னார் என்று சொல்ல ஒருவரும் இல்லை. அதையும் வெட்டினேன். இரண்டு பெயரும் கோட்டுக்கு அடியில் தெளிவாகத்தான் தெரிகின்றன. வேறு தாள் எடுக்க மனம் வரவில்லை. அப்படியே விட்டுவிட்டு, கீழே திகதியைப் போட்டேன்.

கார்த்திகை 17, ஞாயிற்றுக்கிழமை.