கோலி உருண்ட வாசல்

என் மகள் ஒற்றைக் காலில் நிற்பதில் கெட்டிக்காரி என்று எஸ்டேட் லைன் வீடுகள் முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன். இருபது வருஷமாகத் தேயிலைச் சரிவில் கொழுந்து வெட்டும் மெஷினைத் தூக்கி நடக்கிறேன். ஒரு நாளும் வழுக்கியதில்லை. என் வயிற்றில் பிறந்தவளுக்குக் கால் பலத்தைப் பற்றி யார் என்ன சொல்லித் தருவது?

சனிக்கிழமைகளில் அவளை மோட்டார் சைக்கிளில் தானா ராத்தா டவுனுக்குக் கூட்டிப் போவேன். அங்கே ஒரு கடை மாடியில் பாலே வகுப்பு. சீன டீச்சர் கண்டிப்பானவர். குதிகாலைத் தூக்கி, ஒற்றைக் காலில், இருபது எண்ணும்வரை ஆடாமல் நிற்க வேண்டும். இரண்டு காலிலும் அப்படி நின்றால்தான் விரல் நுனியில் ஆடுவதற்கான சப்பாத்து. கணுக்கால் உறுதிப்படாமல் அதைப் போட்டால் கால் கெட்டுவிடும் என்றார். பன்னிரண்டு வயதில் என் மகளுக்கு அந்தச் சப்பாத்தைத் தவிர வேறு நினைப்பே இல்லை.

வீட்டுக்குள் காலை வீச இடமில்லை. அதனால் நான் வேலை முடிந்து வந்ததும் வாசலில் பயிற்சி நடக்கும். தண்ணீர்க் குழாயைப் பார்த்தபடி அவள் நிற்பாள். நான் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் எண்ணுவேன். நாற்பதுவரை அசையமாட்டாள். பாத விரல்களுக்குப் பலம் வர, கோலிகளைக் காலாலேயே பொறுக்கிக் கிண்ணத்தில் போடச் சொல்லியிருந்தார் டீச்சர். அவை உருண்டு உருண்டு சாக்கடைப் பக்கம் போகும். நானும் ஓடி ஓடிப் பிடித்துக் கொடுத்தேன்.

சோதனை நாளில் ஏழு எண்ணுவதற்குள் இடப்பக்கம் சாய்ந்தாள். காலை மாற்றி நின்றாள். மறுபடி அதே பக்கம். இன்னும் மூன்று மாதம் போகட்டும் என்றார் டீச்சர். மகள் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்ததும் எனக்குச் சுர்ரென்று கோபம் ஏறியது.

"டீச்சர், இந்தத் தரை கோணலா இருக்கு," என்று மற்ற அம்மாக்களுக்கும் கேட்கும்படி மலாயில் சொன்னேன். "எங்க வீட்டுல நாப்பது வரைக்கும் நிக்கிறா."

டீச்சர் மகளின் பையிலிருந்து ஒரு கோலியை எடுத்துத் தரையில் வைத்தார். அது வைத்த இடத்திலேயே இருந்தது.

எனக்கு அது போதும். எங்கள் வாசலில் எந்தக் கோலியும் இப்படி நின்றதில்லை. குழாயைப் பார்த்து நின்றால் எங்கள் வாசல் வலப்பக்கம் இறங்குகிறது. இடப்பக்கம் சாய்ந்து நிற்கத்தான் நான் அவளைப் பழக்கியிருக்கிறேன். பிறந்ததிலிருந்து நடக்கும் வாசல், சமதரை என்றே நினைத்திருந்தேன். வெட்கமாக இருந்தது.

மறுநாளே எஸ்டேட் பூப்பந்துத் திடலுக்குப் போனோம். முதலில் கோலியை வைத்துப் பார்த்தேன், அசையவில்லை. பிறகுதான் அவளை நிற்க வைத்தேன். முதல் வாரம் பத்தைத் தாண்டவில்லை.

"நீ நின்னு காட்டும்மா," என்றாள் எரிச்சலோடு.

பூட்ஸைக் கழற்றிவிட்டு நின்றேன். நான்கிலேயே தடுமாறிக் காலை ஊன்றினேன்.

"சரிவுல மட்டுந்தான் நான் துரை லா," என்றேன். சிரித்துவிட்டு மறுபடி நின்றாள்.

மூன்று மாதம் கழித்து டீச்சர் இருபதுவரை எண்ணினார். இரண்டு காலிலும் அவள் அசையவில்லை. சப்பாத்து வாங்கச் சொல்லிவிட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

படியிறங்கும்போது மகள் என் காதருகே வந்தாள்.

"டீச்சர் தரைய நேராக்கிட்டாங்க போல லா, ம்மா."