சத்தம் முந்தி, படம் பிந்தி

மலைமேல் சோளக்காடு ஊரின் பஸ் ஸ்டாப்பை ஒட்டி என் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, வீடியோ கேம் கடை வைத்திருந்தார். கடை என்றால் ஒரே ஒரு மெஷின். எதிரி விமானங்களைச் சுட்டு அதிகப் புள்ளி எடுப்பவர் பெயரை அதன் தலையில் சாக்பீசால் எழுதி வைப்பார். நான் ஆறாவது படித்த வருஷம் அங்கே இருந்தது என் பெயர். எனக்குத் திமிர்தான், மறைக்க ஒன்றுமில்லை.

அரையாண்டு லீவுக்குக் கொஞ்சம் முன்னால் மெஷினின் பழைய பிக்சர் டியூப் உயிரை விட்டது. மாமா சேலத்தில் தட்டையான கம்ப்யூட்டர் திரை ஒன்றை வாங்கி, கொண்டை ஊசி வளைவு அத்தனையிலும் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார். மாட்டினால் படமே வரவில்லை. மறுபடி சேலம் போய், மெஷினுக்கும் திரைக்கும் நடுவே வைக்க ஒரு சின்னப் பெட்டி வாங்கி வந்தார். படம் வந்தது. ஆனால் விமானமெல்லாம் மேலிருந்து அமுக்கிவிட்ட மாதிரி அகலமாக இருந்தது. திரையின் அடியிலிருந்த பட்டன்களை இரண்டு நாள் நோண்டி அதையும் சரியாக்கினார். டீக்கடைக்காரர் வந்து பார்த்து மெச்சிவிட்டுப் போனார்.

லீவுக்கு அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து பெரியம்மா மகன் வந்தான், என் பெயரை அழிக்கவென்றே. முதலில் நான் ஆடினேன், புதுத் திரையில் எனக்கு அதுதான் முதல் ஆட்டம். குண்டு வருவதைப் பார்த்து விலகினால், அதற்குள் என் விமானம் வெடித்துவிடுகிறது. மூன்று உயிரும் மளமளவென்று போயின.

"ஏனுங்க மாமா, வெடிச் சத்தம் முன்னாடி கேக்குதுங்க. படம் அப்பறமாத்தான் வெடிக்குதுங்க."

"திரை கண்ணாடியாட்டம் இருக்குது கண்ணு," என்றார் மாமா. "குளிருக்கு உன்ற கைதான் மரத்துப்போச்சு."

சுற்றி நின்று வேடிக்கை பார்த்த கூட்டம் சிரித்தது. அம்மா அதற்கும் மேலே போய், கண் பட்டுவிட்டதென்று உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டாள். மறுநாள் நான் கையை நெருப்பில் காட்டிச் சூடேற்றிக்கொண்டு போனேன். அப்போதும் தோற்றேன்.

பழைய டியூபில் ஆடியே இராத பெரியம்மா மகன், குண்டு கிட்டே வருமுன்பே விலகப் பழகிக்கொண்டான். லீவு முடிவதற்குள் என் புள்ளியைத் தாண்டினான். மாமா ஈரத்துணியால் என் பெயரைத் துடைத்தார். அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அதன்பின் நான் அந்த மெஷினைத் தொடவில்லை.

நடுவிலிருந்த பெட்டி பழைய படத்தைப் புதுத் திரைக்கு ஏற்றபடி மாற்ற ஒரு நொடியில் சிறு பங்கு நேரம் எடுத்துக்கொள்ளும், சத்தம் அந்தப் பெட்டி வழியாகப் போகாததால் பிந்தாது என்பதெல்லாம் பின்னாளில் வேலைக்குப் போன இடத்தில் தெரிந்துகொண்டது. என் கையில் ஒரு குறையும் இருந்ததில்லை. மாமா நம்பாதது பெரிதில்லை. சொன்ன நானே நம்பவில்லை.